உளுந்துவடையும் வைஃபை ஆன்டெனாவும்

வைஃபை அலைகளை வீசும் ஆக்சஸ் பாயின்ட் பெட்டிகளில், ஆன்டெனாவைத் திருகிக் கழற்றி வேறொன்றைப் பொருத்தும் வசதி கொண்டவை ஒரு தனி வகை. அவற்றில் நீளமான குச்சி ஆன்டெனாவைப் பொருத்தினால் பெட்டியின் சக்தி கூடிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் ஆன்டெனா தன் பங்குக்கு ஒரு மில்லிவாட்கூடச் சேர்ப்பதில்லை. பெட்டி தரும் சக்தியை ஒரு திசையில் குறைத்து இன்னொரு திசையில் கூட்டுவதே அதன் வேலை. ஒரு மடையை அடைத்து மறு வயலுக்கு நீரைத் திருப்புவதை ஒத்த இச்செயலின் அளவே 'ஈட்டம்' எனப்படுகிறது. எல்லாத் திசைகளிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனா ஒன்றோடு ஒப்பிட்டு, டெசிபல் என்னும் மடக்கை அலகில் அளப்பதால் அது டிபிஐ என்று குறிக்கப்படுகிறது. 3 டெசிபல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, 10 டெசிபல் பத்து மடங்கு. திறந்தவெளியில் தொலைவு இரட்டித்தால் சமிக்ஞை 6 டெசிபல் குறைகிறது என்பதால், எட்டும் தூரத்தை இரட்டிக்க ஈட்டத்தில் 6 டெசிபல் தேவைப்படுகிறது.

நிமிர்ந்து நிற்கும் குச்சி ஆன்டெனாவின் அலைகள் பரவும் வடிவம் உளுந்துவடையைப் போன்றது: துளையில் குச்சி நிற்க, அதைச் சுற்றி அலை படர்கிறது. ஈட்டம் கூடக்கூட வடை தட்டையாகி, அகன்று, அப்பளமாகிவிடுகிறது. தரைத்தளத்தில் 2 டிபிஐ குச்சியை எடுத்துவிட்டு 9 டிபிஐ குச்சியைப் பொருத்தியவருக்குத் தெருக்கோடியில் சமிக்ஞை கிடைப்பதும், நேர் மேலே உள்ள மாடி அறையில் அது மெலிந்துபோவதும் இதனால்தான்.

ஆன்டெனா பேசுவதைப் போலவே கேட்கவும் செய்கிறது. எந்தத் திசையில் வலுவாக வீசுகிறதோ அந்தத் திசையிலிருந்து வருவதை அதே அளவு கூர்மையாக வாங்கிக்கொள்கிறது. அனுப்பும் சக்தியை மட்டும் உயர்த்தும் கருவியோ, தொலைவிலுள்ள கைப்பேசியின் மெல்லிய மறுமொழியைக் கேட்க எவ்விதத்திலும் உதவாது. செலவுக்கு ஏற்ற பலன் ஆன்டெனாவில்தான் என்று துறையினர் கருதுவதற்கு இதுவே காரணம். ஆயினும் அதற்குச் சட்டத்தின் எல்லை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் வழிவகுத்த இந்திய அரசின் விதி, கருவி வெளியிடும் சக்திக்கு 1 வாட் என்றும், ஆன்டெனாவின் ஈட்டத்தைச் சேர்த்த பயனுறு சக்திக்கு 4 வாட் என்றும் வரம்பு வைத்தது. 100 மில்லிவாட் பெட்டி ஒன்று 16 டெசிபல் ஈட்டத்திலேயே 4 வாட்டை எட்டிவிடுகிறது.

ஈட்டியதைத் தின்றுவிடுவது பெரும்பாலும் கேபிள்தான். ஆர்ஜி-58 என்னும் மெல்லிய கேபிளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞை மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபலை இழக்கிறது. மொட்டைமாடி வரை 10 மீட்டர் இழுத்தால் பத்தில் ஒரு பங்கு சக்தியே மேலே போய்ச் சேரும். அதனால் பெட்டியையே ஆன்டெனாவின் காலடியில் மழை புகாத உறையில் வைத்து, தரவையும் மின்சாரத்தையும் ஒரே ஈத்தர்நெட் கம்பியில் ஏற்றுவது வழக்கமாயிற்று. இணைப்பிகளிலும் ஒரு வம்பு இருக்கிறது. வீட்டுப் பெட்டிகளில் உள்ள ஆர்பி-எஸ்எம்ஏ என்னும் இணைப்பியில், ஊசி இருக்க வேண்டிய இடத்தில் துளையும் துளை இருக்க வேண்டிய இடத்தில் ஊசியும் மாற்றி வைக்கப்பட்டுள்ளன. அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் பொதுப் புழக்கத்தில் இல்லாத இணைப்பியைக் கோரியதன் விளைவு இது. சாதாரண எஸ்எம்ஏ ஆன்டெனாவின் மரையும் அதில் பொருந்தும், ஆனால் நடுவில் ஊசியும் ஊசியும் முட்டிக்கொள்ளுமாதலால் இணைப்பு ஒழுங்காக அமையாது.

தொலைதூர இணைப்புக்கு வடை உதவாது. ஒரே திசையில் குவிக்கும் கிண்ண ஆன்டெனாவோ, இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் ஒளிபரப்பைப் பிடிக்கத் தமிழகக் கடலோர மாடிகளில் ஒருகாலத்தில் நின்ற மீன்முள் போன்ற யாகி ஆன்டெனாவோ வேண்டும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, எரிக் புரூவர் வழிநடத்திய பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2000-களின் நடுவில் அமைத்த வைஃபை இணைப்புகளில் சில 15 கிலோமீட்டர் வரை நீண்டன. இத்தகைய தொலைவுகளில் எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ஃப்ரெனல் மண்டலம் எனப்படும், நடுவில் பருத்த சுருட்டு வடிவ வெளியும் பெருமளவு தடையின்றி இருக்க வேண்டும். 10 கிலோமீட்டர் இணைப்பில் நடுவே அதன் ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர், ஆகவே பார்வைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் தென்னந்தோப்பும் சமிக்ஞையைக் கெடுக்கும்.

நேரமும் ஒரு தடையாக வந்தது. வைஃபையில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் எதிர்முனை உடனே ஒப்புகை அனுப்ப வேண்டும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கே 100 மைக்ரோ நொடி ஆவதால், அருகிலுள்ளோருக்காக வடிவமைக்கப்பட்ட பெட்டி ஒப்புகை வருமுன்பே பொறுமையிழந்து பொட்டலத்தை மீண்டும் அனுப்பிவிடுகிறது. இரு முனைகளும் முறைவைத்துப் பேசவும், ஒப்புகைகளை மொத்தமாக அனுப்பவும் பெர்க்லி குழு மென்பொருளை மாற்றி எழுதியது. 2007-இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியேத்ரோசெமோலி குழுவினர் 382 கிலோமீட்டர் தொலைவிலிருந்த இரண்டு மலைகளை வைஃபையால் இணைத்தபோது கைகொடுத்ததும் அந்த மென்பொருள்தான். புவியின் வளைவு இடையில் 2 கிலோமீட்டருக்கு மேல் எழுந்து மறைக்கும் தொலைவு அது என்பதால் மலையுச்சிகள் தேவைப்பட்டன. கிண்ணங்களின் பின்னால் வீட்டு ரூட்டர்களும் பயன்படுத்தப்பட்டன.