மாத்திரைக்கு கிளெய்ம் வராது: 28 வயசுல போட வேண்டிய உடம்புக் கணக்கு



"கம்பெனில மெடிக்கல் கவர் இருக்கு சார், அப்புறம் என்ன?" வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் பண்ண வர்ற இளைஞர்கள்கிட்ட ஆரோக்கியத்துக்குன்னு என்ன செலவு பண்றீங்கன்னு கேட்டா, பெரும்பாலும் வர்ற பதில் இதுதான். நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. அதனால எதைச் சாப்பிடணும், எவ்வளவு ஓடணும்னு பாடம் எடுக்கப் போறதில்லை. ஆனா இந்தப் பதில்ல ஒரு கணக்குப் பிழை இருக்கு. அதைச் சொல்றது என் வேலை.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் அடிப்படையில ஆஸ்பத்திரியில படுத்தா ஆகுற செலவுக்கானது. அறை வாடகை, ஆபரேஷன், ஐசியூ இதெல்லாம் அதுல வரும். சுகர், பிபி, கொலஸ்ட்ரால் மூணும் ரொம்ப வருஷத்துக்கு உங்களைப் படுக்க வைக்காது. தினமும் மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஃபீஸ்னு ஓடிக்கிட்டே இருக்கும். சாதாரண பாலிசியில இதுக்கெல்லாம் கிளெய்ம் பண்ண முடியாது. ஓபிடி சேர்த்த பாலிசிகள் இருக்கு, ஆனா பெரும்பாலும் அதுல கிடைக்கிற தொகை சின்னது, அதுக்கு வாங்குற பிரீமியம் அந்த அளவுக்குச் சின்னதில்லை.

ஒரு உதாரணம் போடுவோம். மாத்திரை, டெஸ்ட், டாக்டர் எல்லாம் சேர்த்து மாசம் 1,800 ரூபாய்னு வைங்க. இந்தத் தொகை சரியான்னு சந்தேகமா இருந்தா, வீட்டுல அப்பா அம்மாவோட மருந்துக்கடை பில்லை எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு 21,600. 32 வயசுல ஆரம்பிச்சு 60 வயசு வரைக்கும், விலைவாசி ஒரு ரூபாய்கூட ஏறலைன்னு வச்சாலே 6 லட்சத்தைத் தாண்டும். அத்தனையும் உங்க பாக்கெட்ல இருந்து.

"எனக்கெல்லாம் வராது"ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு புள்ளிவிவரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட இந்தியாப் நீரிழிவு ஆய்வு 2023-ல வெளியாச்சு. அதன்படி நாட்டுல சர்க்கரை நோய் உள்ளவங்க சுமார் 10.1 கோடி பேர். அதுக்கு முந்தின கட்டத்துல, அதாவது நம்ம பேச்சுல 'பார்டர்'ல நிக்கிறவங்க சுமார் 13.6 கோடி. தமிழ்நாட்டுல 20 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். ஏழு பேருக்கு ஒருத்தர். உங்க டீம்ல எத்தனை பேர்னு எண்ணிக்கோங்க.

இந்த பார்டர்ங்கிற இடத்துலதான் காசும் உடம்பும் சந்திக்குது. ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 5.7-க்குக் கீழ இருந்தா நார்மல், 6.5-ல இருந்து சர்க்கரை நோய், நடுவுல இருக்கிறது பார்டர். அங்க நிக்கிறவங்க திரும்பி வர முடியுமாங்கிற கேள்விக்கு நம்ம சென்னையிலயே பதில் கிடைச்சிருக்கு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தின இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வோட முடிவு 2006-ல வெளியாச்சு. பார்டர்ல இருந்த 531 பேரை நாலு குழுவாப் பிரிச்சாங்க. வழக்கமான ஆலோசனை மட்டும் கிடைச்ச குழுவுல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனாங்க. நடையையும் சாப்பாட்டையும் மாத்தின குழுவுல 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவங்க 40.5. ரெண்டும் சேர்த்துச் செஞ்சவங்க 39.5.

அந்த நம்பர்களை நான் ரெண்டு தடவை படிச்சேன். தினமும் அரை மணி நேரம் நடக்கிறது, இனிப்பையும் எண்ணெயையும் குறைக்கிறது, இதோட பலன் மாத்திரைக்குக் கிட்டத்தட்ட சமம். அவங்களோட சராசரி வயசு 45-ஐத் தாண்டினது, நீங்க இன்னும் சின்னவங்க. (டாக்டர் ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தா, இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க. அது வேற கணக்கு.)

ராத்திரி சாப்பாடுதான் பெரிய ஓட்டை

பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தா ஆள் எத்தனை மணிக்குச் சாப்பிடுறார்னு தெரிஞ்சிடும். ராத்திரி பத்து, பதினொண்ணு மணிக்கு யூபிஐ-ல 250, 280, 310. பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், பிரியாணி. மெனுவுல 180 ரூபாய் இருக்கிறது, பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து 250 ஆகுது. மாசத்துக்கு 22 ராத்திரி அப்படின்னா 5,500. அதே சாப்பாட்டை மெஸ்லயோ ரூம்ல சமைச்சோ 90 ரூபாய்ல முடிச்சா 1,980. வித்தியாசம் மாசம் 3,520, வருஷம் 42,240.

வழக்கமா இந்த இடத்துல "இதை எஸ்ஐபி-ல போடுங்க"ன்னு சொல்லுவேன். இந்தத் தடவை சொல்லலை. இந்த 42,240-ஐ உடம்புக்கே திருப்பி விடுங்க. சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசிக்கு வருஷம் 10,000-னு ஒதுக்குங்க (வயசு, ஊர், கவர் தொகையைப் பொறுத்து கூடும் குறையும்). ரத்தப் பரிசோதனைக்கு 2,000. நல்ல நடை ஷூவுக்கு 3,000. தினம் 40 ரூபாய்க்கு கொய்யாவோ பப்பாளியோ, அது வருஷத்துக்கு 14,400. தினம் ரெண்டு முட்டை, ஒண்ணு 7 ரூபாய்னு வச்சா சுமார் 5,040. கூட்டினா 34,440. இன்னும் 7,800 மிச்சம். கூடுதலா ஒரு ரூபாய்கூடப் போடலை, இருக்கிற செலவைத்தான் இடம் மாத்தியிருக்கோம்.

மாசத்துக்கு நாலு ராத்திரி பிரியாணி ஆர்டர் பண்ணுங்க, யாரும் கேட்க மாட்டாங்க. 22-ங்கிறதுதான் பிரச்சனை.

புரோட்டீன் பவுடர் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல, உடம்பு ஏத்துறதுக்காக புரோட்டீன் சப்ளிமென்ட் எடுக்கிறதைத் தவிர்க்கச் சொல்லியிருக்காங்க. மூவாயிரம் ரூபாய் டப்பாவுக்கு முன்னாடி முட்டை, சுண்டல், பாசிப்பயறு, தயிர் இதெல்லாம் தட்டுல இருக்கான்னு பாருங்க. அதே வழிகாட்டுதல்ல 2,000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி சொல்லியிருக்காங்க. நம்ம ஹோட்டல் சாப்பாட்டுல வர்ற ரெண்டு ஸ்பூன் பொரியலை எடை போட்டா சிரிப்புதான் வரும்.

ஜிம்முக்கு வருஷக் கட்டணம் கட்டுறது

ஜனவரில 18,000 ரூபாய் கட்டி, மார்ச்சுக்குள்ள 24 நாள் போய், அப்புறம் நிறுத்தினா ஒரு நாளைக்கு 750 ரூபாய். 150 நாள் போனா 120 ரூபாய். ஜிம் அதே ஜிம், கட்டணம் அதே கட்டணம். வருஷத்துக்குக் கட்டினா தள்ளுபடின்னு அவங்க சொல்றது, நீங்க வர மாட்டீங்கங்கிற நம்பிக்கைலதான். முதல் மாசம் அதிகம் போனாலும் மாசக் கட்டணமே கட்டுங்க. அந்த மாசத்துல 12 நாளாவது போனீங்கன்னா மூணு மாசத்துக்குக் கட்டுங்க. இஎம்ஐ போட்டு ஜிம்முல சேர்றது மட்டும் வேண்டாம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 18-ல இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. பில்லுல இன்னும் 18 போட்டிருந்தா கேளுங்க.

ஜிம் பிடிக்கலையா, விடுங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி. வேகமா நடந்தாலே போதும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பர்ல 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்துல மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவிச்சிருக்கு. சென்னையில இருக்கிறவங்களுக்கு பெசன்ட் நகர் பக்கம். அவ்வளவு தூரம் போக முடியலைன்னா, ராத்திரி சாப்பிட்டதும் தெருவுல இருபது நிமிஷம். எஸ்ஐபி-க்கு ஒரு தேதி இருக்கிற மாதிரி இதுக்கும் ஒரு நேரம் வேணும். "நேரம் கிடைக்கும்போது நடப்பேன்"ங்கிறது, மாசக் கடைசில மிச்சமானா சேமிப்பேன்னு சொல்றதுக்கு அண்ணன்.

பாலிசி எடுக்க வேண்டிய நேரம்

கம்பெனி பாலிசி நல்ல விஷயம். பெரும்பாலும் முதல் நாள்ல இருந்தே ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் கவர் இருக்கும். ஆனா வேலையை விட்ட அன்னைக்கு அது போயிடும். நோட்டீஸ் பீரியடுக்கும் அடுத்த வேலைக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு மாசத்தை யோசிங்க.

சொந்த பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல்ல இருந்து ஐஆர்டிஏஐ அதை அதிகபட்சம் 3 வருஷமாக் குறைச்சிருக்கு, முன்னாடி 4 வருஷம். ரிப்போர்ட் நார்மலா இருக்கும்போது பாலிசி எடுத்தவருக்கு, அப்புறமா சுகர் வந்தா இந்தக் காத்திருப்பு பொருந்தாது. சுகர் வந்த பிறகு எடுக்கிறவர் 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கணும், பிரீமியமும் கூடலாம், விண்ணப்பத்தை நிராகரிக்கவும் செய்யலாம். ஒரே ஆள், ஒரே நோய், பாலிசி எடுத்த தேதி மட்டும் வேற.

ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட்ல 6.0 வந்திருக்கா? விண்ணப்பத்துல எழுதுங்க. ஏஜென்ட் "அதெல்லாம் போட வேண்டாம் தம்பி"ன்னு சொன்னாலும் எழுதுங்க. மறைச்சது தெரிஞ்சா கிளெய்ம் நிக்கும். தொடர்ந்து 60 மாசம் பிரீமியம் கட்டின பிறகு சொல்லாம விட்டதைக் காரணம் காட்டி நிராகரிக்க முடியாதுன்னு விதி இருக்கு. ஆனா மோசடின்னு நிரூபிச்சா அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

வரி விஷயம் சுருக்கமா. 80டி-ல பிரீமியத்துக்கு 25,000 வரைக்கும், அதுக்குள்ளயே முன்னெச்சரிக்கைப் பரிசோதனைக்கு 5,000 வரைக்கும் கழிவு உண்டு. இது பழைய வரி முறையில மட்டும்தான். உங்கள்ல நிறைய பேர் புதிய முறைக்குப் போயாச்சு, அதுல 12.75 லட்சம் சம்பளம் வரைக்கும் வரியே இல்லை. அதனால மார்ச் மாசம் "டாக்ஸ் சேவிங் செக்கப்"னு வர்ற மெசேஜை அழிச்சுடலாம். ஆனா கழிவு இல்லைங்கிறதுக்காக பாலிசியே எடுக்காம இருக்கிறாங்க பாருங்க, அது எனக்குப் புரியவே இல்லை. ஆஸ்பத்திரி பில்லைப் போடுறவங்க நீங்க எந்த வரி முறைன்னு கேட்கிறதில்லை. தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி-யும் 2025 செப்டம்பர் 22-ல இருந்து இல்லை.

செக்கப்புக்கு 80 டெஸ்ட் பேக்கேஜ் தேவையில்லை. ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், பிபி, ரத்தத்துல ஹீமோகுளோபின், கூடவே ஒரு இஞ்ச் டேப். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-ஐத் தாண்டியிருந்தா ரிப்போர்ட்டோட டாக்டரைப் பாருங்க. ரிப்போர்ட் பிடிஎஃப்-ஐ ஃபார்ம் 16 வைக்கிற ஃபோல்டர்லயே வருஷம் போட்டு வைங்க. 5.4, 5.6, 5.8-னு ஏறுறது ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்தாத் தெரியாது, மூணையும் பக்கத்துல வச்சாத்தான் தெரியும்.

வேலை மாறும்போது கம்பெனி பாலிசியை அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில தனி பாலிசியா மாத்திக்கவும் வழி இருக்கு. யாருக்கு எப்போ எழுதணும், என்னென்ன காகிதம் வேணும்ங்கிறதை அடுத்த வீடியோல காட்டுறேன். இப்போ நோட்டீஸ் பீரியட்ல இருக்கிறவங்க அதுக்காகக் காத்திருக்காம, கடைசி வேலை நாளுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட பாலிசி விவரத்தை வாங்கி வச்சுக்கோங்க.