மழைக்காலத் தூண்டிலும் கொட்டகுடி ஆறும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டாளிகள் சேர்ந்து, யாருக்கு அதிக மீன் என்று போட்டி போட்டுத் தூண்டில் போடுவது நல்ல பொழுதுதான். ஆனால் அதற்கு இடம் போடி பக்கத்துக் கொட்டகுடி ஆறு அல்ல, கண்மாய்க்கரை. போடியில் வெயில் அடிக்கும்போதே, ஆறு இறங்கி வரும் மலைப்பக்கம் குரங்கணிக்கு மேலே மழை கொட்டலாம். 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த டாப் ஸ்டேஷன் பக்கத்து மலைமுகடுகளிலிருந்து சரிவு செங்குத்தாக இறங்குகிறது. தண்ணீர் தேங்கி நிற்க இடமில்லாததால் மொத்தமும் விரைவாக ஆற்றிலுள்ள அணைப்பிள்ளையார் தடுப்பணைக்கு வந்துவிடும். ஆகவே போடி வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியாது.

“கணுக்கால் அளவு தண்ணீர்தானே” என்பார்கள். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். வழுக்குப்பாறையில் அதுகூட வேண்டாம். “புதுத்தண்ணீரில்தான் மீன் கடிக்கும்” என்பதில் உண்மை உண்டு. மழைநீர் மண்புழுவையும் பூச்சியையும் அடித்து வருகிறது, மீன் இரை தேடிக் கரையோரம் ஒதுங்குகிறது. அதே புதுத்தண்ணீர்தான் வாய்க்கால் வழியே கண்மாய்க்கும் வருகிறது, இழுப்பு மட்டும் குறைவு. மீன்பாசி குத்தகைக்கு விட்ட கண்மாய் என்றால் குத்தகைதாரரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மதகுக்கும் கலுங்குக்கும் அருகே உட்காரக் கூடாது. இடி கேட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடிக்கு அல்ல.