தறிக்குழியில் வீங்கும் கால்

உள்ளிருந்து வரும் சேதி – 11

குழித்தறியில் நெய்பவருக்குக் கையைப் போலவே காலும் ஓயாது. மேலே நாடா போய்வரும். கீழே குழிக்குள் பாதங்கள் மிதிக்கட்டையை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரு பட்டுச் சேலை தறியிலிருந்து இறங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம். அத்தனை நாளும் கால் தொங்கல்தான். காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரை ஓரிக்கையிலும் ஊருக்குள் பிள்ளையார்பாளையத்திலும் முப்பது நாற்பது வருடம் இப்படி உட்கார்ந்தவர்களிடம் கணுக்கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டால், "தறியில உக்காந்தா வீங்காம என்ன பண்ணும்?" என்பதுதான் பதிலாக வரும்.

அந்தப் பதில் பெரும்பாலும் சரி. நெடுநேரம் தொங்கும் காலில் இரத்தம் மேலேறத் திணறும், நீர் கணுக்காலில் தங்கும். இரவு காலை நீட்டிப் படுத்தால் விடியும்போது வீக்கம் வடிந்திருக்கும். வடியாமல் நிற்கும் வீக்கத்துக்கும் தறியையே காரணம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. பல மாதங்கள் அப்படியே கழிந்துவிடுகின்றன.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் கால் வீக்கத்துக்குத் தயாராக இருக்கும் இன்னொரு காரணம் யானைக்கால். கியூலெக்ஸ் கொசு பரப்பும் நோய் இது. சாக்கடைத் தண்ணீர் தேங்கும் பழைய ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. அதை ஒழிக்க வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கே டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் வேலை தமிழகத்தில் 1990களின் பிற்பாதியில் தொடங்கியது. 2004இல் அது தேசியத் திட்டமானது. சுகாதாரப் பணியாளர் வாசலில் நின்று மாத்திரையை விழுங்கவைத்துப் போனது இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதனாலேயே காலில் வீக்கம் என்றதும் கொசுவும் யானைக்காலும் முதலில் மனதுக்கு வருகின்றன. கல்லீரல் வருவதில்லை.

யானைக்கால் வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில் கூடுதலாக இருக்கும். அடிக்கடி காய்ச்சலும் நெறிகட்டலும் வரும். நாளாக ஆகத் தோல் தடித்துச் சொரசொரப்பாகும், அழுத்தினாலும் அமுங்காது. கல்லீரல் கெட்டு வரும் வீக்கம் இரண்டு கால்களிலும் வரும், வலிக்காது, அமுங்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலைப் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து, அது மெதுவாகவே நிரம்பினால் தோலுக்கடியில் நீர் கோத்திருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

ஆனால் குழி விழுந்ததாலேயே கல்லீரல் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இதயம் தளர்ந்தாலும் இதே குழிதான் விழும்; அப்போது மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். சென்ற வாரம் பார்த்த சிறுநீரகக் கோளாறில் காலையில் முகமும் கண்ணிமையும் உப்பும், சிறுநீர் நுரைக்கும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி கெண்டைச்சதை வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கல்லீரலுக்கான அடையாளம் காலுக்கு மேலே இருக்கிறது. வயிற்றைப் பாருங்கள். வேட்டிக்கட்டும் பாவாடை நாடாவும் இறுகும். வயிறு முன்னால் தள்ளும். தோளும் கையும் தொடையும் இளைக்கும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகலாம், ஆகாமலும் இருக்கலாம். வீட்டார் ஏமாறுவது எடையைப் பார்த்துத்தான். சதை கரைந்துபோன இடத்தை நீர் நிரப்பிவிடுவதால் தராசு முள் நகராது. "எடை அப்படியேதானே இருக்கு" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மனிதர் உள்ளே உருகிக்கொண்டிருப்பார்.

ஏன் இப்படி ஆகிறது? கல்லீரல் நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை அல்புமின் என்ற புரதத்தைச் செய்து இரத்தத்தில் சேர்க்கிறது. இரத்தத்தின் நீரைக் குழாய்க்குள் பிடித்துவைப்பது பெருமளவு அதுதான். ஒரு டெசிலிட்டரில் 3.5 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும்போது (இதைத்தான் சிர்ரோசிஸ் என்கிறார்கள்) இந்த உற்பத்தி சரிகிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் தழும்பைத் தாண்ட முடியாமல் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. உடம்பில் இரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் தப்பாகப் புரிந்துகொண்டு உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சேர்த்துவைக்கிறது. அந்த நீர் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது.

இதிலிருந்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கொழுப்புக் கல்லீரலைக் காலைப் பார்த்தே ஆரம்பத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று கைப்பேசிகளில் சுற்றும் செய்திகளை நம்பாதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் கல்லீரல் எந்தச் சேதியும் அனுப்புவதில்லை. கால் வீங்குகிறது என்றால் நோய் பல வருடம் உள்ளே வேலை பார்த்து முடித்திருக்கிறது. "என் கால் நன்றாகத்தானே இருக்கிறது" என்பது கல்லீரலுக்குச் சான்றிதழ் ஆகாது.

வீக்கத்தைத் தவிரவும் கால் சிலவற்றைச் சொல்லும். பித்தநீர் ஓட்டம் தடைபட்டால் உள்ளங்காலும் உள்ளங்கையும் அரிக்கும். சொறி சிரங்கு ஒன்றும் தெரியாது, இரவில் அரிப்பு கூடும். கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் இப்படி அரித்தால் "சூடு" என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்கக்கூடாது. குழந்தைக்கே ஆபத்தாக முடியக்கூடிய கல்லீரல் கோளாறு அதில் ஒளிந்திருக்கலாம். சிர்ரோசிஸ் உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் வழக்கம். இரத்தத் தட்டணுக்கள் குறைந்தாலோ, ஹெபடைடிஸ் சி கிருமி இருந்தாலோ, முழங்காலுக்குக் கீழே அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் தோன்றலாம்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வலி மாத்திரை. நாளெல்லாம் மிதித்த காலுக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வது தறிக்காரர் வீடுகளில் மட்டுமா நடக்கிறது? தழும்பேறிய கல்லீரல் உள்ளவருக்கு அந்த மாத்திரை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம், உப்பையும் நீரையும் இன்னும் தேக்கும், வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும். நீர் பிரியும் மாத்திரையும் அப்படியே: மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தால் மருந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போட்டால் விஷம்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் மீண்டும் கிடைக்கவில்லை. அந்த ஆய்வு கிருமியைச் சுமந்தவர்களைப் பற்றியது; வயிறும் காலும் வீங்கியவர்களைப் பற்றியது இல்லை. நம் மண்ணின் மூலிகையை முறையாகச் சோதித்துப் பார்த்த அந்த முயற்சி எனக்குப் பெருமைதான். வீங்கிய காலோடு இருப்பவரை இலைச்சாறு கொடுத்து மூன்று மாதம் வீட்டில் வைத்திருப்பதை மட்டும் ஏற்க முடியாது.

பத்தியத்திலும் பாதி சரி, பாதி தவறு. உப்பைக் குறைக்கச் சொல்வது சரி: நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மிகாமல், ஊறுகாய், அப்பளம், கருவாடு இல்லாமல். பருப்பையும் முட்டையையும் தயிரையும் நிறுத்துவது தவறு. ஏற்கெனவே சதை கரைகிறவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். இரவு படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதும் நல்லது.

குடிப்பவருக்குத்தான் கல்லீரல் போகும் என்ற நம்பிக்கையும் பலரைத் தாமதிக்கவைக்கிறது. குடி பெருங்காரணம், மறுக்கவில்லை. ஆனால் 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (INDIAB) ஆய்வு நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரையும் இடுப்புச் சதையும் உள்ளவர் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே சிர்ரோசிஸுக்குப் போகலாம். உட்கார்ந்தே செய்யும் தொழில் அதற்குத் துணைபோகிறது.

ஆகவே நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., தட்டணு எண்ணிக்கை: இந்த மூன்றையும் எடுத்தால் வயதோடு சேர்த்து மருத்துவர் ஃபிப்-4 என்ற கணக்கைப் போட்டுவிடுவார். 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. கூடினால் ஃபைப்ரோஸ்கேன் பார்க்க வேண்டும். கால் வீங்கியே விட்டது என்றால் அல்புமினும், பிலிருபினும், சிறுநீரில் புரதமும், வயிற்று ஸ்கேனும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓரிக்கைக்காரர்களுக்கு ரயில்வே சாலையில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகள். வாந்தியில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், பேச்சுத் தடுமாற்றம், வீங்கிய வயிற்றோடு காய்ச்சல் – இவற்றில் ஒன்று வந்தாலும் புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் 108ஐ அழையுங்கள்.

ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். சி கிருமியைப் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் ஒழித்துவிடலாம். பி இருப்பது தெரிந்தால் ஒரே வீட்டில் இருக்கும் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கிருமி இல்லாதவர்களுக்கு மூன்று தடுப்பூசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

(தொடரும்)