மலைக்கு நெய், படிக்கட்டுக்குத் திட்டு

காலேஜ் படிக்கும்போது ஒரு வருஷம் கார்த்திகை தீபத்தன்னிக்கு அண்ணாமலையார் மலை ஏறினேன். 2,668 அடி உயரம். காலில் செருப்பு கிடையாது. மேலே தீபம் ஏற்றிய பிறகு இருட்டில், கூட்டத்தோடு கூட்டமா, உருளுற கல்லுல கால் வெச்சு இறங்கணும். அம்மாதான் நெய் வாங்கிக் கொடுத்து அனுப்பினாங்க. அதே மாசம் டவுன் பஸ் படியில் நான் தொங்கிட்டு வந்ததை யாரோ வீட்ல சொல்லிட்டாங்க. அம்மா ரெண்டு நாள் பேசவே இல்ல.

ரெண்டுமே ஆபத்துதான். ஒண்ணுக்கு ஆசி, இன்னொண்ணுக்குத் திட்டு. ஏன்?

அதிக ஆபத்தானதைத் தடுக்கிறோம் என்று சொல்லலாம். ஆனா நடைமுறை அப்படி இல்லை. ஜல்லிக்கட்டில் உயிர்ப்பலி நமக்குப் புதுச் செய்தி அல்ல. 2014-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்ததும் காளைகள் படும் வதைக்காகத்தான், மாடு பிடிப்பவர்களின் உயிருக்காக அல்ல. 2017 ஜனவரியில் மாணவர்கள் மெரினாவில் திரண்டார்கள், சட்டம் வந்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே மாணவர்கள் 'பஸ் டே' என்று கூரையில் ஏறி ஆடினால் போலீஸ் வழக்கு.

1969-ல் அமெரிக்கப் பொறியாளர் சான்சி ஸ்டார் ஒரு கணக்குப் போட்டார். நாமே விரும்பி ஏற்கும் ஆபத்தை, நம்மேல் சுமத்தப்படும் ஆபத்தைவிடச் சுமார் 1,000 மடங்கு வரை பொறுத்துக்கொள்கிறோம் என்றார். ஆனா படியில் தொங்குபவனும் விரும்பித்தானே தொங்குறான்? அங்கே இந்தக் கணக்கு போதாது. 1982-ல் மேரி டக்ளஸும் ஆரன் வில்டாவ்ஸ்கியும் எழுதிய புத்தகம் இன்னும் கிட்டே வருகிறது. எந்த ஆபத்தைப் பார்த்து பயப்படுவது என்பதைச் சமூகம் தன் மதிப்பீடுகளை வைத்தே தேர்ந்தெடுக்கிறது என்பது அவர்கள் வாதம்.

என் வார்த்தையில் சொன்னா, சொந்தக்காரர் இருக்கும் ஆபத்துக்கு அனுமதி கிடைக்கும். கோயில், மரபு, கல்லூரி, என்சிசி, இப்படி ஏதோ ஒரு பெயர் பின்னால் நிற்கணும்.

சொந்தக்காரர் இருப்பதில் உண்மையான நன்மையும் உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் குழந்தைகள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் தீபம். வல்லுநர் குழு மலையை ஆய்வு செய்தது. அந்த வருஷம் பக்தர்கள் யாரும் ஏற அனுமதி இல்லை. அதற்கு முன்பே 2,500 பேர், அடையாள அட்டை என்று கட்டுப்பாடு இருந்ததுதான். அதாவது, பெயர் உள்ள ஆபத்தை யாராவது அளந்து பார்க்கிறார்கள்.

ஆனா பெயர் மட்டும் இருந்து அளவை இல்லாட்டி? 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி. தயங்கி நின்ற மாணவியைப் பயிற்சியாளர் இரண்டாம் மாடியிலிருந்து தள்ளினார். சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்தாள். அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. 'பாதுகாப்புப் பயிற்சி' என்ற பெயரே அனுமதிச் சீட்டாகிவிட்டது.

படிக்கட்டுக்குத்தான் சொந்தக்காரர் யாரும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 123-ஆம் பிரிவு, படியில் ஆளை ஏற்றிச் செல்லக்கூடாது என்று வண்டி ஓட்டுபவரிடம்தான் முதலில் சொல்கிறது. பயணி அடுத்துதான். நாம பையனை மட்டும் திட்டுறோம். அவன் கெத்துக்காகவும் தொங்கலாம், உள்ளே இடமில்லாமலும் தொங்கலாம். நான் ரெண்டு காரணத்துக்காகவும் தொங்கியிருக்கேன். கெத்துக்குத் திட்டு சரி. இடமில்லாததுக்கு காலை எட்டு மணிக்கு இன்னொரு பஸ் வேணும். எங்கம்மா திட்டினப்போ இது எனக்குச் சொல்லத் தெரியல.