ஒரு போதகருக்குத் தஞ்சை கொடுத்த விடை

1798 பிப்ரவரி 14. தஞ்சாவூரில் ஒரு சவப்பெட்டி, குறித்த நேரம் கடந்தும் மூடப்படாமல் காத்திருந்தது. இளவரசர் சரபோஜி கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவர் உடலின் மேல் பொன்னாடை போர்த்திக் கண்ணீர்விட்டு அழுதார். அவருக்கு அப்போது இருபது வயது. சவ ஊர்வலத்தில் பாடுவதற்குச் சபையார் ஒரு ஞானப்பாட்டைத் தயாராக வைத்திருந்தார்கள். ஆனால் தோட்டம் நிறையக் கூடியிருந்த ஏழை எளியவர்களின் அழுகுரலில் அதைப் பாடவே முடியவில்லை.

முதல் நாள் மாலை கண்மூடியவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் சுவார்ட்ஸ் ஐயர் என்று சொல்கிற லுத்தரன் போதகர்.

காவிரிப் பாசனப் பகுதியின் ஆலயங்களுக்குப் பிரிவு உபசாரம் புதிதல்ல. மாற்றல் உத்தரவு வந்ததும் பொன்னாடை, வாழ்த்துமடல், குழுப் புகைப்படம், அன்பின் விருந்து என்று சபை பரபரப்பாகிவிடும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி பங்குத்தந்தை 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். அதற்கு முன்பே வேறு பங்குக்கு மாற்ற ஆயருக்கு அதிகாரம் உண்டு. சீர்திருத்தச் சபைகளிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போதகர் மாறுவது வழக்கம். சுவார்ட்ஸுக்கு அப்படி ஒரு மாற்றல் விழா நடக்கவில்லை. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 48 ஆண்டுகள் இந்தியாவிலேயே இருந்துவிட்டார். ஒருமுறைகூட ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. அவருக்குச் சபை விடைகொடுத்தது அந்த ஒரே நாளில்தான்.

அன்று அழுதவர்கள் சபையார் மட்டுமல்ல. கிறிஸ்தவரல்லாத ஒரு மராட்டிய இளவரசர் ஏன் கண்ணீர் விட்டார்? கூட்டம் ஏன் அப்படித் திரண்டது? விடை நெல்லில் இருக்கிறது.

1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படை சோழ மண்டலத்துக்குள் புகுந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தும், அதைக் கொண்டுவர வண்டிமாடு தர எவரும் முன்வரவில்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி வந்து சேரவில்லை என்பதே காரணம். அரசின் வாக்குக்கு மதிப்பில்லாமல் போனபோது, சுவார்ட்ஸ் தன் பெயரில் வாக்குக் கொடுத்துக் கிராமங்களுக்கு ஆள் அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. ஒரு கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால். அளவு தெரிந்த தஞ்சைக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய குவியல் என்பது விளங்கும். ஒவ்வொருவருக்கும் பேசிய கூலியை அவர் தன் கையாலேயே கொடுத்துத் தீர்த்தார்.

போர் ஓய்ந்த பிறகு இன்னொரு சோதனை வந்தது. அதிகாரிகளின் கெடுபிடி வசூலைத் தாங்க முடியாமல் விவசாயிகள் நிலத்தை விட்டு வெளியேறினார்கள். அரசர் திரும்பி வரச் சொன்னார், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் சுவார்ட்ஸைக் கூப்பிட்டு, மக்களிடம் பேசும்படி கேட்டுக்கொண்டார். இனித் தொல்லை இராது என்று அவர் உறுதி சொன்னதும் ஏழாயிரம் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். பருவம் தாழ்ந்துவிட்டதே என்று அவர் கவலைப்பட்டபோது, இரவும் பகலும் பாடுபட்டு ஈடு செய்கிறோம் என்றார்கள்.

சுவார்ட்ஸ் அரசியலுக்கு வெளியே நின்றவர் என்று சொல்லிவிட முடியாது. 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஹைதர் அலியைப் பார்க்கச் சீரங்கப்பட்டணம் போனவர் அவர். ஆனால் அங்கே வழிச்செலவுக்குக் கிடைத்த பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அது திரும்பி வந்ததும் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார். பிற்பாடு ஹைதரின் படை தமிழகத்தைச் சூறையாடியபோதும், இந்தப் பாதிரியாரைத் தடுக்கக் கூடாது என்று தன் அதிகாரிகளுக்கு ஹைதர் உத்தரவிட்டிருந்தார்.

சரபோஜியின் கண்ணீருக்கு வேறு கதை உண்டு. துளஜா மன்னர் 1787இல் சாகும் தறுவாயில், தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் விட்டார். அடுத்து வந்த அமர்சிங்கின் ஆட்சியில் சிறுவன் படிப்பின்றி அடைபட்டுக் கிடந்தான். சுவார்ட்ஸ் கம்பெனியிடம் வாதாடி, 1793இல் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்க வைத்தார். அந்தப் படிப்பின் பலனைச் சரஸ்வதி மகால் நூலகத்துக்குள் நுழைகிற எவரும் பார்க்கலாம். ஆனால் 1798 ஜூனில் நடந்த முடிசூட்டு விழாவைக் காண வளர்ப்புத் தந்தைபோல் இருந்தவர் உயிரோடு இல்லை.

அரசர் தன் நன்றியைக் கல்லில் பதித்தார். சுவார்ட்ஸின் கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தானே ஒரு செய்யுள் இயற்றினார். லண்டனின் பேர்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செய்யச் சொன்னார். சிவகங்கைக் குளத்தருகே சிறிய கோட்டையில் உள்ள கிறிஸ்து ஆலயத்தில் அது இருக்கிறது. மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ். அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. பக்கத்தில் சக போதகரான கெரிக்கே பாதிரியார். கால்மாட்டில் பள்ளிப் பிள்ளைகள். கிறிஸ்தவப் போதகர் ஒருவருக்கு இந்து அரசர் ஒருவர் எழுப்பிய சின்னம் என்பதால் உலகெங்குமிருந்து அதைத் தேடி வருகிறார்கள். இதோடு நில்லாமல், கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்காக ஒரு தர்ம ஸ்தாபனத்தையும் சரபோஜி ஏற்படுத்தினார்.

சபை என்ன ஆயிற்று? சுவார்ட்ஸ் அதற்கு முன்கூட்டியே வழி செய்திருந்தார். தமிழரான சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றிருந்தார். தரங்கம்பாடியில் பிறந்த ஜான் காஸ்பர் கோல்ஹாப்பைச் சுவார்ட்ஸ் பிள்ளைப் பருவத்திலிருந்தே வளர்த்துப் படிக்க வைத்திருந்தார். 1787இல் அவரும் குருவானார். திருநெல்வேலியிலிருந்து அழைத்து வந்து சுவார்ட்ஸ் கற்பித்த வேதநாயகம், பின்னாளில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் வேதநாயக சாஸ்திரியார் ஆனார்.  அடக்கம் முடிந்த பிறகு தஞ்சைச் சபையின் பொறுப்பு கோல்ஹாப்பிடம் வந்தது. 1844இல் இறக்கும்வரை அவர் அந்தப் பணியிலேயே இருந்தார்.