குட்டையில் குட்டையாகிப் போகும் ஜிலேபி

பண்ணைக்குட்டை வெட்டிய நண்பர்கள் பலரும் கேட்கிற கேள்வி இது. "ஜிலேபிக் குஞ்சு விட்டு ஒரு வருஷம் ஆச்சு. வலை போட்டா நூத்துக்கணக்குல வருது, ஆனா எல்லாம் விரல் நீளம்தான். குஞ்சு சரியில்லையா?"

அந்த விரல் நீள மீன்களில் சிலவற்றின் வாயைத் திறந்து பாருங்கள், முட்டை இருக்கும். அவை குஞ்சுகள் இல்லை, தாய் மீன்கள்!

காரணம் நெரிசல். ஒரு குட்டையில் விளையும் இரைக்கு ஓர் அளவு உண்டு. நம்ம குட்டை இரை 100 கிலோ மீனுக்குப் போதும் என்று வைத்துக்கொள்வோம். 200 மீன் இருந்தால் தலைக்கு அரைக் கிலோ. 2,000 இருந்தால் 50 கிராம். மொத்த எடை ஒன்றுதான், ஆனால் பொடி மீனை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்?

இதோடு முடியவில்லை. வசதியாக வளரும்போது 60 முதல் 100 கிராமில் பருவத்துக்கு வரும் மொசாம்பிக் ஜிலேபி, நெரிசலில் 15 கிராமிலேயே முட்டையிட்டுவிடும். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: வட்டியை அசலில் சேர்க்காமல் அவ்வப்போது எடுத்துச் செலவழித்தால் அசல் எப்படிப் பெருகும்? உடம்பில் சேர வேண்டிய சத்து முட்டைக்குப் போகிறது. முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் நாட்களில் தாய் இரையெடுப்பதும் இல்லை. பிறக்கும் குஞ்சுகளோ இரைக்குப் போட்டியாக வருகின்றன. நெரிசல் இன்னும் கூடுகிறது.

இந்த மீனின் தாய்நாடான ஆப்பிரிக்காவில், ஜாம்பசி போன்ற ஆறுகளில், பெரிய மீன்களும் பறவைகளும் குஞ்சுகளைத் தின்று எண்ணிக்கையைக் குறைக்கும். 1952ல் இந்தியாவுக்கு வந்த அது, நம்ம குட்டையில் காவலில்லாமல் பெருகுகிறது.

செய்ய வேண்டியவை எளியவை. கோடையில் குட்டையைச் சேறு வெடிக்கும்வரை காயவிட்டு, பழைய குஞ்சுகளை ஒழியுங்கள். ஜிலேபி ஓரளவு வளர்ந்த பின், அதைவிடச் சிறிய விரால் குஞ்சுகளை விடுங்கள். பிறக்கும் ஜிலேபிக் குஞ்சுகளை அவை பார்த்துக்கொள்ளும். மழைநீர் வழியும் வாயில் சிறுகண் வலை கட்டுங்கள். ஓடைக்குத் தப்பினால் நாட்டு மீன்களுக்குத்தான் தொல்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கட்லா, ரோகு, மிர்காலோடு தொடங்கலாம். தேங்கிய நீரில் இவை தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை. சென்ட்டுக்கு 20 குஞ்சு விட்டால், அந்த எண்ணிக்கை கூடாது. நாற்றை நெருக்கி நட்டால் தூர் கட்டாது என்பது நமக்குத் தெரியும்தானே? மீனுக்கும் அதே கணக்குதான்.