சினத்தின் நாளும் பாஸ்கா திரியும்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் நடந்த அடக்கப் பூசையில், உலகின் எந்த மூலை இலத்தீன் முறைக் கோவிலானாலும், முதலில் கண்ணில் படுவது கறுப்புதான். குருவானவரின் பூசை உடுப்பு கறுப்பு, சவப்பெட்டிமேல் போர்த்திய துணி கறுப்பு. சுற்றிலும் வெளுக்காத மெழுகில் வார்த்த மஞ்சள் திரிகள். அல்லேலூயா கிடையாது. நற்செய்திக்கு முன் ‘தியெஸ் ஈரே’ என்ற இலத்தீன் பாடல். சினத்தின் நாள் என்று பொருள். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாடலில் உலகம் சாம்பலாகும், எக்காளம் கல்லறைகளை எழுப்பும், எல்லாம் எழுதிய புத்தகம் திறக்கப்படும். பூசை முடிந்ததும் குருவானவர் பெட்டியைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளிப்பார், தூபம் காட்டுவார். உடல் இல்லாத நினைவுப் பூசையென்றால், வெறும் சட்டத்துக்குக் கறுப்புத் துணி போர்த்தி அத்தனையும் அதற்கே நடக்கும்.

இன்று பெட்டியருகே பாஸ்கா திரி எரிகிறது. உடுப்பு பெரும்பாலும் ஊதா அல்லது வெள்ளை. தவக்காலம் தவிர மற்ற நாட்களில் அல்லேலூயா ஒலிக்கிறது. கிறிஸ்தவரின் சாவில் உயிர்ப்பின் சாயல் தெளிவாகத் தெரியவேண்டும் என்று சங்கம் 1963-இல் சொன்னது. 1969-இல் புதிய அடக்கச் சடங்கு வந்தது. 1970-இன் திருப்பலி நூலில் ‘தியெஸ் ஈரே’ இல்லை. பூசையில் அது தொடர்வது பழைய இலத்தீன் முறை நடக்கும் இடங்களில் மட்டுமே. திருச்சபை இறக்கி வைத்த பாட்டை இசை உலகம் விடவில்லை. மொசார்ட்டும் 1874-இல் வெர்டியும் அதற்கு அமைத்த இசை இன்றும் அரங்கு நிறையக் கேட்கப்படுகிறது.

அப்படியானால் கடவுளின் கோபம் காலாவதியாகிவிட்டதா? கடவுள் நம்மைப்போல் ஆத்திரப்படுகிறார் என்று அன்றும் திருச்சபையின் பேரறிஞர்கள் சொல்லவில்லை. அவருடைய கோபம் மனக்கொதிப்பில்லை, பாவத்துக்குத் தண்டனை விதிக்கும் தீர்ப்பே என்றார் புனித அகுஸ்தினார். அதை உருவகமாகவே கொள்ளவேண்டும் என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். ஆனால் கோவிலில் நின்ற விசுவாசிக்கு அவர்களுடைய நூல்கள் எட்டவில்லை; எக்காளம்தான் காதில் விழுந்தது. அதே பாடலின் பின்பாதி, ‘என்னைத் தேடித்தானே களைத்தீர், கைவிடாதேயும்’ என்ற தொனியில் இயேசுவிடம் மன்றாடுவது பலருக்குத் தெரியாமலே போயிற்று.

போதனை மாறவில்லை. சாகும்போது தனித்தீர்வை, உலக முடிவில் பொதுத்தீர்வை. மோட்சம், நரகம், உத்தரிப்பு எல்லாம் 1992-இன் மறைக்கல்வி நூலில் அப்படியே இருக்கின்றன. மாறியது அச்சத்தை வைக்கும் இடம். ‘தியெஸ் ஈரே’ கூட முழுக்க மறையவில்லை. துக்கவீட்டாரின் எதிரிலிருந்து எடுத்து, திருவழிபாட்டு ஆண்டின் கடைசி வாரச் செபங்களில் வைத்துவிட்டார்கள். தீர்வையை அச்சத்தின் படமாக இல்லாமல் நம்பிக்கையின் படமாகப் பார்க்கச் சொன்னார் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 2007-இல். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒன்றுமே நடவாததுபோல் ஒரே விருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரமுடியாது. ஏமாற்றப்பட்டவருக்கு நீதி கிடைக்கும் நாள் ஒன்று வேண்டும்.

தீர்வையின் இந்தப் பகுதியை இன்றைய மறையுரைகள் அதிகம் தொடுவதில்லை. அடக்கத் திருப்பலியிலேயே இறந்தவரை நேராக மோட்சத்தில் உட்காரவைத்துவிடுகிறோம். பிறகு அவருக்காக மன்றாட என்ன இருக்கிறது? காலியான இடத்தை யூடியூப் பிரசங்கங்கள் பிடித்துக்கொள்கின்றன: விசுவாசிகளை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை, ஏழாண்டு உபத்திரவம், பூமியில் ஆயிரமாண்டு அரசாட்சி. நம் ஊர்க் கத்தோலிக்கர் வீடுகளிலும் இவை ஓடுகின்றன. ஆயிரம் ஆண்டுகள் என்பது திருச்சபையின் காலமே என்று அகுஸ்தினார் 5-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். கிறிஸ்து கண்காண வந்து பூமியில் ஆளுவார் என்ற கருத்தை, மிதமான வடிவில்கூடப் போதிக்கலாகாது என்று உரோமை 1944-இல் சொன்னது. முடிவுக்கு முன் திருச்சபைக்குச் சோதனை உண்டு; அதிலிருந்து விசுவாசிகள் தப்பியோடும் கதவு எதுவும் கத்தோலிக்கப் போதனையில் இல்லை.

அந்த நாளின் கேள்வித்தாளோ எப்போதோ வெளியாகிவிட்டது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் நடுவர் தேதியையோ அடையாளத்தையோ கேட்பதில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்றுதான் கேட்கிறார். கறுப்புத் துணியை மடித்து வைத்தது நல்லதுதான். இந்தக் கேள்வியையும் அதனோடு சேர்த்து மடித்து வைக்கச் சங்கம் சொல்லவில்லை.